கிச்சன் கபோர்டு: ஃபேக்டரி மாடுலரா, கார்பெண்டர் வேலையா, இல்ல கடப்பா கல்லே போதுமா?



பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஃபிளாட் வாங்கினவங்களுக்கு இது பழக்கமான காட்சி. சாவி கைக்கு வந்த வாரமே இன்டீரியர் கம்பெனிகள்கிட்ட இருந்து போன் வர ஆரம்பிச்சிடும். 3டி டிசைன் ஃப்ரீ, 45 நாள்ல கிச்சன் ரெடி, பத்து வருஷ வாரண்டி. அதே வாரம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், "எங்க வீட்டுக்குச் செஞ்ச கார்பெண்டர் இருக்கார், கம்பெனி ரேட்டை விட ரொம்பக் கம்மி"ன்னு ஒரு நம்பர் போடுவார். ஊர்ல இருந்து வந்த அம்மா கிச்சனைச் சுத்திப் பார்த்துட்டு, "அதான் கல்லு தட்டு இருக்கே, கதவு மட்டும் போட்டா போதாதா?"ன்னு கேட்பாங்க.

முதல் ரெண்டு பேரோட கொட்டேஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எக்செல்ல போட்டுப் பார்க்கிறோம். அம்மா சொன்னதுக்கு மட்டும் அந்த ஷீட்ல ஒரு காலம் கிடையாது. இந்தப் பதிவுல அதையும் சேர்த்துதான் கணக்குப் போடப் போறோம். ஹோம் லோன் இஎம்ஐ ஓட ஆரம்பிச்ச முதல் வருஷத்துல கிச்சனுக்காக இன்னொரு லோன் எடுக்கலாமான்னு முடிவு பண்ண வேண்டிய இடம் இதுதான்.

ரெடிமேடுக்கும் கஸ்டமுக்கும் உண்மையான வித்தியாசம்

ஃபேக்டரியில செஞ்சு கொண்டு வந்து பொருத்துற கிச்சன் பணக்காரங்களுக்காகப் பிறந்த ஐடியா இல்லை. 1926-ல ஜெர்மனியோட ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துல உழைக்கும் மக்களுக்காகக் கட்டின குடியிருப்புகளுக்கு, மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சின்ன கிச்சனை வடிவமைச்சாங்க. அகலம் இரண்டு மீட்டர்கூட இல்லை. சுமார் 10,000 வீடுகள்ல அதையே பொருத்தினாங்க. ஒரே அளவுல நிறைய செஞ்சா விலை குறையும் என்பதுதான் அதன் அடிப்படை.

நம்ம ஊர்ல "மாடுலர்"னு விற்கிறது பெரும்பாலும் அப்படி இல்லை. உங்க கிச்சனுக்கு வந்து அளவெடுத்து, அந்த அளவுக்கே பலகை வெட்டித்தான் அனுப்புறாங்க. அதாவது பேரு ரெடிமேடு, வேலை கஸ்டம். அதனால மொத்தமா செய்றதால விலை குறையும் என்ற லாபம் உங்க கைக்கு அவ்வளவா வராது. விலையில ஷோரூம் வாடகை, டிசைனர் சம்பளம், விளம்பரம் எல்லாம் சேர்ந்திருக்கும். அது தப்பு இல்லை, ஆனா எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

ஃபேக்டரி நிஜமாவே ஜெயிக்கிற இடங்கள் உண்டு. பலகையோட ஓரத்துல ஒட்டுற எட்ஜ் பேண்ட் அதுல முக்கியமானது. மெஷின்ல சூடா பசை உருக்கி ஒட்டும்போது இடைவெளி இல்லாம பிடிக்கும். சைட்ல உட்கார்ந்து கையால ஒட்டினா, எவ்வளவு நல்ல கையா இருந்தாலும் அங்கங்க காத்துப் போற இடம் இருக்கும், தண்ணியும் அது வழியாத்தான் உள்ள போகும். அடுத்தது துளை போடுற துல்லியம். கதவுகள் ஒரே கோட்டுல நிக்கிறது அதனாலதான். மூணாவது, உங்க வீட்டுக்குள்ள ரெண்டு மூணு வாரம் மரத்தூள் பறக்காது.

கார்பெண்டர் ஜெயிக்கிற இடம் வேற. சுவர் நேரா இல்லைன்னா (எந்த அபார்ட்மெண்ட்ல நேரா இருக்கு?) அந்த இடத்துலயே செதுக்கிப் பொருத்துவார். கேஸ் பைப், மோட்டார் சுவிட்ச், மூலையில நிக்கிற பில்லர் எல்லாத்தையும் சுத்தி பெட்டி செய்வார். பலகையை நீங்களே கடைக்குப் போய் பார்த்து வாங்கலாம். அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு கதவு தொங்கினா, கஸ்டமர் கேர்ல டிக்கெட் போட வேண்டாம், அவரையே கூப்பிடலாம். எடுப்பாரா என்பது வேற கேள்வி.

மூணாவது காலம்: கடப்பா கல்

சென்னையில பல பில்டர்கள் கிச்சன்ல கிரானைட் மேடை போட்டு, அதுக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தி அறை அறையா பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. மேல கான்கிரீட் லாஃப்டும் இருக்கும். மாடுலர் டிசைனர் வந்ததும் முதல்ல, "இந்தக் கல்லை எல்லாம் எடுத்துடலாம் சார், பாஸ்கெட் வைக்க இடம் பத்தாது"ன்னு சொல்வார். அவர் சொல்றது பொய் இல்லை, கல்லோட கனம் கொஞ்சம் இடத்தைத் தின்னும்தான். ஆனா தண்ணியில ஊறாத, கரையான் அரிக்காத, ஏற்கனவே ஃபிளாட் விலையில நீங்க காசு கொடுத்து முடிச்ச ஒரு கபோர்டை உடைச்சுப் போடுறோம். உடைக்கிற கூலி, குப்பை அள்ளுற வண்டி, சில சமயம் விரிசல் விட்ட கிரானைட், இதெல்லாம் தனிச் செலவு.

கல்லை அப்படியே விட்டு, முன்பக்கம் ஒரு ஃபிரேம் அடிச்சு, கதவு மட்டும் போடலாம். பிளைவுட் கதவுல லேமினேட் ஒட்டலாம், பட்ஜெட் குறைவுன்னா அலுமினிய ஃபிரேம் கதவு. வெளியே இருந்து பார்க்கிறவங்களுக்கு மாடுலருக்கும் இதுக்கும் வித்தியாசம் சட்டுனு தெரியாது.

இப்போ எண்களைப் பார்க்கலாம். கீழே இருக்கிற ரேட் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க கொட்டேஷன்ல வர்ற எண்ணை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

எல் வடிவ கிச்சன். கீழ்ப்பெட்டி முகப்பு 14 அடி நீளம், இரண்டரை அடி உயரம், ஆக 35 சதுர அடி. மேல்பெட்டி 20 சதுர அடி. லாஃப்ட் கதவு 20 சதுர அடி.

கம்பெனி மாடுலர்: 55 சதுர அடி பெட்டிக்கு 2,000 வீதம் 1,10,000. லாஃப்ட் கதவு 900 வீதம் 18,000. டிராயர், பாஸ்கெட், சாஃப்ட் க்ளோஸ் கீல் வகையறா 45,000. மொத்தம் 1,73,000. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 31,140. கைக்கு வர்றது 2,04,140 ரூபாய்.

கார்பெண்டர், பொருளோட சேர்த்து: பெட்டி 1,500 வீதம் 82,500. லாஃப்ட் கதவு 650 வீதம் 13,000. உள்சாமான் 35,000. மொத்தம் 1,30,500.

கல்லை வெச்சுக்கிட்டு: கீழ்க் கதவு 35 சதுர அடி 650 வீதம் 22,750. மேல்பெட்டி மட்டும் புதுசா 30,000. லாஃப்ட் கதவு 13,000. உள்சாமான் 12,000. மொத்தம் 77,750.

கம்பெனிக்கும் கார்பெண்டருக்கும் வித்தியாசம் 73,640. ஆனா கார்பெண்டர் ஒரு மாசம் இழுத்தடிச்சா, நீங்க இன்னும் வாடகை வீட்டுல இருக்கீங்க. மாசம் 15,000 வாடகைன்னா அந்த லாபம் 58,640 ஆகுது. ரெண்டு மாசம் இழுத்தா இன்னும் குறையும். கொட்டேஷனை ஒப்பிடும்போது இந்த வாடகை வரியைச் சேர்க்கிறவங்க ரொம்பக் கம்மி. வீட்டுக்கு வாடகை கொடுக்காம பெற்றோர் வீட்டுல இருக்கிறவங்களுக்கு இந்த வரி பூஜ்யம், அதனால அவங்க பதில் வேற மாதிரி வரலாம்.

கம்பெனிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் 1,26,390. 45 லட்சம் ஹோம் லோன், 8.5% வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 39,050 ரூபாய். அதாவது அந்த வித்தியாசம் மட்டுமே மூணு மாச இஎம்ஐ-க்குச் சமம். ஐடி வேலையில இருக்கிறவங்களுக்கு மூணு மாச இஎம்ஐ பேங்க்ல தனியா இருக்கிறதோட அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சிங்க்குக்குக் கீழே என்ன பலகை?

மூணுல எதை எடுத்தாலும் கிச்சனோட ஆயுளைத் தீர்மானிக்கிறது சிங்க் கீழே இருக்கிற அந்த ஒரு பெட்டிதான். சோப்புத் தண்ணி, சொட்டுற வேஸ்ட் பைப், ஆர்ஓ மெஷின் கசிவு எல்லாம் அங்கேதான் சேரும்.

பார்ட்டிகிள் போர்டு மரத்தூளையும் சிராயையும் பசையில அழுத்தினது. ஓரம் வழியா தண்ணி போனா உப்பும், காய்ஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஸ்க்ரூ பிடிக்காது. எம்டிஎஃப்பும் கிட்டத்தட்ட அதே குணம். எச்டிஎச்எம்ஆர்னு இப்போ அதிகம் விற்கிறது அதைவிட அடர்த்தியானது, ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். கதவுகளுக்கு நல்லா இருக்கும், தேங்கி நிற்கிற தண்ணிக்கு நான் நம்ப மாட்டேன்.

பிளைவுட்டுல மூணு தரம் உண்டு. ஐஎஸ் 303 தரநிலையில வர்றது எம்ஆர், பிடபிள்யூஆர் என்ற ரெண்டும். ஐஎஸ் 710-ல வர்றது மெரைன் பிளைவுட், அதைத்தான் பிடபிள்யூபின்னும் சொல்றாங்க. வித்தியாசம் பசையில இருக்கு. எம்ஆர்ல யூரியா பிசின், மத்த ரெண்டுலயும் பீனால் வகை பிசின். சோதனையும் அதுக்கேத்த மாதிரிதான். பிடபிள்யூஆர் பலகை கொதிக்கிற தண்ணியில 8 மணி நேரம் தாங்கணும், ஐஎஸ் 710 பலகை 72 மணி நேரம். எம்ஆருக்குக் கொதிக்கிற தண்ணி சோதனையே கிடையாது. கொட்டேஷன்ல "கமர்ஷியல் பிளை"ன்னோ வெறும் "ஐஎஸ்ஐ பிளை"ன்னோ இருந்தா அது பெரும்பாலும் எம்ஆர்தான்.

ஒரு சதுர அடிக்கு 40 ரூபாய் வித்தியாசம்னு வெச்சுக்கோங்க. எட்டுக்கு நாலு ஷீட்ல 32 சதுர அடி, ஷீட்டுக்கு 1,280 ரூபாய். கீழ்ப்பெட்டி முழுக்க நாலு ஷீட் ஆச்சுன்னா கூடுதல் செலவு 5,120. ரெண்டு லட்ச ரூபாய் கிச்சன்ல இந்த அஞ்சாயிரத்தைத்தான் சத்தமில்லாம மிச்சம் பிடிப்பாங்க, ஏன்னா லேமினேட் ஒட்டின பிறகு உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

ஷீட்ல 710-னு சீல் அடிச்சிருந்தா மட்டும் போதாது. ஐஎஸ்ஐ முத்திரை பக்கத்துல சிஎம்/எல்-ன்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கும். பிஐஎஸ் கேர்னு ஒரு அரசு ஆப் இருக்கு, அதுல அந்த நம்பரைப் போட்டா எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு லைசென்ஸ், இப்போ உயிரோட இருக்கான்னு காட்டும். ரெண்டு நிமிஷ வேலை. கடையில நின்னு பண்ணுங்க, வீட்டுக்கு ஷீட் வந்து வெட்டின பிறகு இல்லை. வெட்டின துண்டு ஒண்ணை வாங்கிட்டு வந்து அடுப்புல நாலு மணி நேரம் கொதிக்க வெச்சுப் பார்க்கிறதும் நல்லதுதான். அதுல பிரிஞ்சு வந்தா அந்தப் பலகையை மறந்துடலாம். பிரியலைன்னா அது 710-ன்னு நிரூபணம் ஆகிடாது, மோசமானது இல்லைன்னு மட்டும் தெரியும்.

பாஸ்கெட், டிராயர் கம்பிக்கு "எஸ்எஸ் 304"னு எழுதியிருப்பாங்க. காந்தம் ஒட்டலைன்னா 304-னு ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கு. விலை குறைஞ்ச 202 ஸ்டீல்லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. அதனால காந்தத்தை நம்பாம பில்லுல கிரேடை எழுதி வாங்குங்க. போர் தண்ணியும் கடல் காத்தும் இருக்கிற நம்ம ஏரியாவுல 202 சீக்கிரமே துரு காட்டும்.

தேக்கு மரத்துலயே செய்யலாமேன்னு வீட்டுப் பெரியவங்க கேட்டா, வாசக்கதவுக்கு அது சரி. அகலமான கிச்சன் கதவுல முழு மரம் மழைக்காலத்துல உப்பி, வெயில்ல சுருங்கும். நல்ல பிளைவுட் இந்த விஷயத்துல மரத்தை விட நிதானமானது.

பெரும்பாக்கத்துக்குன்னு ஒரு கேள்வி

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்து ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்தவங்களுக்கு அடுத்த வரி தெரியும். நீங்க தரைத்தளத்துல இருந்தா, கீழ்ப்பெட்டியில எந்தப் பலகையும் போடாதீங்க. கடப்பா கல்லும், கழட்டி எடுக்கக்கூடிய அலுமினியக் கதவும் போதும். தண்ணி வடிஞ்சதும் கழுவி விட்டுட்டு சமைக்க ஆரம்பிச்சிடலாம். கார் பார்க்கிங்குக்கு மேல முதல் மாடி, அதுக்கும் மேலன்னா இந்தக் கவலை இல்லை. அப்பவும் பெட்டியைத் தரையில உட்கார வைக்காம 10 சென்டிமீட்டர் பிவிசி கால் மேல நிறுத்தச் சொல்லுங்க, தரை கழுவுற தண்ணிக்கு அது போதும்.

வாரண்டி தாள் கொடுத்தா வருஷக் கணக்கை விட்டுட்டு தண்ணீர் சேதம் பத்தின வரியை முதல்ல தேடுங்க. "நீர்க்கசிவால் ஏற்படும் சேதம் பொருந்தாது"ன்னு இருந்தா, கிச்சன் எதனால கெட்டுப்போகுமோ அதுக்கு மட்டும் வாரண்டி இல்லைன்னு அர்த்தம்.

பணம் எங்கிருந்து?

ரெண்டு லட்சத்துக்கு 14% வட்டியில மூணு வருஷ பர்சனல் லோன் எடுத்தா இஎம்ஐ சுமார் 6,836. மொத்த வட்டி 46,000 ரூபாய். 2.04 லட்ச கிச்சன் இரண்டரை லட்சம் ஆகுது. கல்லை வெச்சுக்கிட்டு செய்ற முழு வேலைக்கும் 77,750 தான், அதுல பாதிக்கு மேல வட்டியாவே போகுது.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே"ன்னு கேட்பீங்க. ஜீரோ வட்டின்னு ஒண்ணு உண்மையில கிடையாது, வட்டி வேற பேருல வருதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு. நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "மொத்தப் பணத்தையும் இப்பவே கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" அந்தக் குறைப்பும் பிராசசிங் ஃபீஸும் சேர்ந்ததுதான் உங்க வட்டி.

என் கருத்தைச் சொல்லிடறேன். நாலஞ்சு வருஷத்துல ஊர் மாறவோ, பெரிய வீட்டுக்குப் போகவோ வாய்ப்பு இருந்தாலும், ஆறு மாசச் செலவுக்குக் கையில பணம் இல்லைன்னாலும், கல்லும் கதவும்தான். ஃபிளாட்டை விற்கும்போது வாங்க வர்றவர் சதுர அடிக்கு விலை பேசுவார், உங்க டாண்டம் டிராயருக்குத் தனியா காசு தர மாட்டார். நீண்ட நாள் இருக்கப் போறீங்க, சேமிப்புலயே செய்ய முடியும், மேற்பார்வை பார்க்க வீட்டுல ஆள் இருக்குன்னா கார்பெண்டர். பலகையை மட்டும் மெஷின் இருக்கிற பட்டறையில வெட்டி, எட்ஜ் பேண்ட் ஒட்டி எடுத்து வர முடியுமான்னு கேளுங்க, இப்போ பல பேர் செய்றாங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, வாடகை ஓடிக்கிட்டிருக்கு, சைட்ல நிக்க ஆளே இல்லைன்னா கம்பெனிக்குக் கூடுதலா கொடுக்கிறது வீண் இல்லை. கடன் இல்லாம கொடுக்க முடிஞ்சா.

எழுதி வாங்க வேண்டியது

சதுர அடி ரேட்டுன்னா எதை அளக்கிறாங்கன்னு முதல்ல கேளுங்க. முகப்பை மட்டும் அளக்கிறவங்க இருக்காங்க, உள் பலகை ஒவ்வொண்ணையும் அளக்கிறவங்களும் இருக்காங்க. ரன்னிங் அடின்னா இன்னொரு கணக்கு. 1,200 ரூபாய் கொட்டேஷன் 1,800 ரூபாய் கொட்டேஷனை விட மொத்தத்துல அதிகமா வர்றது இப்படித்தான். பெட்டிக்கு என்ன பலகை, கதவுக்கு என்ன பலகை, பின் பலகை எத்தனை மிமீ, கீல் என்ன பிராண்டு, எல்லாம் தனித்தனி வரியா வேணும். "பிரீமியம் குவாலிட்டி"ன்னு ஒரு பொருள் கடையில கிடையாது.

கார்பெண்டர்னா பொருளையும் கூலியையும் பிரிச்சுடுங்க. பிளைவுட் கடையில உங்க பேருல ஜிஎஸ்டி பில் போட்டு நீங்களே கட்டுங்க. கூலியை வேலை நகர நகர யுபிஐ-ல அனுப்புங்க: பெட்டி நின்னதும் ஒரு பகுதி, கதவு மாட்டினதும் ஒரு பகுதி, கடைசி 10% சிங்க்ல ஒரு வாரம் தண்ணி ஓடின பிறகு. கம்பெனிகள் பொதுவா லாரி கிளம்புறதுக்கு முன்னாடியே முழுப் பணமும் கேட்பாங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பேசினா 5% நிறுத்தி வைக்க ஒத்துக்க வாய்ப்பு உண்டு, அட்வான்ஸ் கட்டின பிறகு பேசினா இல்லை.

பிரச்சனை வந்தா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர் அல்லது வேலை பார்க்கிற ஊர் ஆணையத்துலயே புகார் கொடுக்கலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணமே இல்லை, பிரச்சனை ஆரம்பிச்ச ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அங்கே போய் நிற்கும்போது வேணும்ங்கிறது பில், கொட்டேஷன், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோ. லேமினேட் ஒட்டுறதுக்கு முன்னாடி, பலகையில இருக்கிற சீல் தெரியுற மாதிரி நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.